வளர்ப்புப் பெண்ணாமையும் அதன் முட்டையும்

சைவ நூல்கள் தீக்கையின் வகைகளை விளக்குமிடத்து மூன்று உயிர்களின் முட்டைகளை உவமையாக எடுத்தாளுதல் நாம் அறிந்ததே. பறவை தன் முட்டையைச் சிறகாற் தழுவிக் குஞ்சு பொரிக்கின்றது. இது பரிச தீக்கைக்கு உவமை. மீன் தன் முட்டையைக் கண்ணால் நோக்கிப் பொரிக்கின்றது. இது நயன தீக்கைக்கு உவமை. ஆமை கரையிலே முட்டையைப் புதைத்துவிட்டு நீங்கிச் சென்று, சென்ற இடத்திலிருந்தே நினைந்து பொரிக்கின்றது; இது மானச தீக்கைக்கு உவமை. இவ்வுவமைகளின் பயன் குருவருளின் இயல்பை உணர்த்துதலேயன்றி விலங்கியலைக் கற்பித்தல் அன்று. எனினும், ஆமையைப் பற்றிய உவமையின் அடியிலே உண்மையான ஒரு காட்சி உண்டு. ஆமையினத்துட் பெரும்பாலானவை தம் முட்டையின்மீது அமர்வதில்லை. அதனைக் காவல் செய்வதுமில்லை. வெளிவரும் குஞ்சைக் காண்பதுமில்லை. தாய் அருகில் இல்லாதிருக்கவும் குஞ்சு பிறத்தலை நம் முன்னோர் கண்டனர், கண்டு வியந்தனர், வியப்பை உவமையாக்கினர்.

அங்ஙனமாயின் தாயாமை தன் மகவுக்குச் செய்வது யாது? தக்க இடத்தைத் தேர்ந்து, தக்க ஆழத்திற் குழி தோண்டி, முட்டையை இட்டு மூடுதல் என்னும் ஒரு செயலே அது செய்வது. அதன் தாய்மை முழுவதும் அச்செயலினுள் அடங்கிவிடுகின்றது. காட்டில் வாழும் ஆமை அதற்கு வேண்டிய நிலத்தைத் தானே தேடிக்கொள்ளும். வீட்டு முற்றத்திலோ, சீமெந்துத் தரையிலோ, மரப்பெட்டியிலோ வளர்க்கப்படும் ஆமைக்கு அந்நிலத்தை அளிக்கவேண்டியவர் அதனை வளர்ப்போரே. அளிக்கத் தவறின் அழிவது முட்டை மட்டுமன்று. தாயின் உயிருக்கும் இறுதி நேர்தல் கூடும். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு திமோதிகள்

வளர்ப்பு ஆமைகளுள்ளே வரலாற்றிற் பெரும்புகழ் பெற்றது, ஆங்கில நாட்டிற் செல்போண் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பேட் வைற் என்னும் குருவானவரின் ஆமையாகும். 1789 ஆம் ஆண்டில் வெளிவந்த 'செல்போணின் இயற்கை வரலாறு' என்னும் அவர்தம் நூல், இயற்கையை நேரிற் கண்டு எழுதும் மரபுக்கு வழிகாட்டியாய் விளங்குவது. அவ்வாமை மத்தியதரைக் கடற்பகுதிக்குரிய தரையாமை வகையைச் சேர்ந்தது. தெசுற்றூடோ கிரேக்கா என்பது அவ்வகைக்கு விலங்கியலார் இட்ட பெயர். வைற்றின் அத்தையார் சசெக்ஸ் பகுதியிலுள்ள றிங்மரிலே தம் வீட்டு மதிலுக்குள் அதனை நெடுங்காலம் வளர்த்துவந்தார். 1780 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், மண்ணுட் புதைந்து மாரித்துயில் கொண்டிருந்த ஆமையை வைற் தோண்டியெடுத்து, மண்ணோடு ஒரு பெட்டியிலிட்டு, வண்டியில் ஏறக்குறைய 80 மைல் கொண்டுசென்று தம் தோட்டத்தில் விட்டார். வண்டியின் குலுக்கலால் விழித்துக்கொண்ட ஆமை தோட்டத்தின் எல்லைவரை இருமுறை நடந்தது. மாலையிற் குளிர் மிகவே மீண்டும் மண்ணுட் புதைந்தது.

அதனை வைற் நிறுத்துப் பார்த்தார். அதன் உணவையும் உறக்கத்தையும் நாட்குறிப்பில் எழுதினார். குரலைப் பெருக்கும் ஊதுகுழல் வழியே உரக்கக் கூப்பிட்டு அதற்குச் செவிப்புலன் உண்டோ என ஆராய்ந்தார். அத்துணை நுணுகி நோக்கிய அவருக்கும் ஓர் உண்மை புலனாகவில்லை. திமோதி என ஆண்பெயரால் அழைக்கப்பட்ட அவ்வாமை உண்மையிற் பெண். வைற் 1793 ஆம் ஆண்டிற் காலமானார்; அடுத்த ஆண்டில் ஆமையும் மாண்டது. இலண்டனிலுள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையிற் பேணப்படும் அதன் ஓட்டை ஆராய்ந்தபோதே அது பெண் என்பது தெளிவாயிற்று.

இதனை ஒத்த பிறிதொரு நிகழ்ச்சியும் உண்டு. ஆங்கிலக் கடற்படைக் கப்பல் ஒன்றிலே திமோதி என்னும் பெயருடன் ஓர் ஆமை வளர்ந்தது. கிரிமியப் போரில் 1854 ஆம் ஆண்டு செவஸ்தப்போல் நகர் பீரங்கிகளால் தாக்கப்பட்டபோது அக்கப்பலில் அதுவும் இருந்தது. பின்னர் டெவன் பகுதியிலுள்ள பவுடரம் கோட்டையிற் குடிபுகுந்து, 2004 ஆம் ஆண்டுவரை வாழ்ந்தது. இறந்தபோது அதற்கு அகவை 160 அளவில் இருக்குமென மதித்தனர். 1926 ஆம் ஆண்டில் அதற்கு ஒரு துணை சேர்க்க எண்ணியபோதுதான் அது பெண் என்பதனை உரியவர் அறிந்தனர். எழுபது ஆண்டுக்கு மேலாக ஆணாகவே கருதப்பட்டுவந்த பெண்ணுயிர் அது.

இவ்விரு வரலாறுகளும் நகைத்துவிட்டு மறக்கத்தக்கன போலத் தோன்றும். ஆனால், ஆமையைப் பெண்ணென அறியாதவர் அது முட்டையிடும் என எதிர்பார்த்தல் இயலாது. எதிர்பாராதவர் அதற்கு இடம் செய்துகொடுத்தலும் இயலாது. அறியாமையின் முதற்படி இதுவே.

பெண்ணென அறியுமாறு

இளம் ஆமைகளிற் பாலினத்தைப் புறத்தோற்றத்தால் துணிதல் அரிது. வளர்ச்சியுற்ற பின்னர்ச் சில அடையாளங்கள் தோன்றும். தரையாமைகள் பலவற்றில் ஆணின் வால் நீண்டு பருத்திருக்கும்; பெண்ணின் வால் குறுகியிருக்கும். புணர்ச்சிக்காலத்திற் பெண்ணின் முதுகோட்டின்மீது ஏறிநிற்றற்கு வாய்ப்பாக ஆணின் வயிற்றோடு உட்குழிந்திருக்கும், பெண்ணினது தட்டையாயிருக்கும். இலங்கையிலும் இந்தியாவிலும் வாழும் நட்சத்திர ஆமையிற் பெண்ணே ஆணினும் பருத்தது. இவ்வடையாளங்களை ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். ஒன்றை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் பிழைக்கு இடமாகும். ஆண்டுக்கணக்காக ஆணென வளர்த்த ஆமை ஒருநாள் முட்டையிடக் கண்டு திகைத்தவர் பலர்.

ஆணின்றியும் முட்டை உண்டாதல்

தனியே வளரும் பெண்ணாமை முட்டையிடாது எனக் கருதுதல் பெரும்பிழை. கோழி சேவலின்றியும் முட்டையிடுதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆமையின் இயல்பும் அத்தகையதே. சூலகத்திலே மஞ்சட்கருத் திரள்கள் பழக்குலை போல முதிர்கின்றன. அவற்றுக்கு வேண்டிய பொருளை ஈரல் ஆக்கிக் குருதிவழியே அனுப்புகின்றது. முதிர்ந்த மஞ்சட்கரு சூலகத்தினின்றும் கழன்று முட்டைக்குழாயை அடைகின்றது. ஆங்கு வெண்கருவும் சவ்வும் இறுதியில் ஓடும் அதனைச் சூழ்கின்றன. ஆணொடு சேராத ஆமையின் முட்டை கருக்கட்டாத வெறும் முட்டையாகும். அதனைப் பேணிவைத்தும் பயனில்லை.

இங்கே இன்னொன்றும் அறியத்தக்கது. பெண்ணாமை தான் பெற்ற விந்தை முட்டைக்குழாயினுள்ளே நெடுநாள் உயிருடன் சேமித்துவைக்கும் ஆற்றல் உடையது. சில ஆமையினங்களில் ஆணைப் பிரிந்து நான்கு ஆண்டுகள் சென்ற பின்னரும் கருக்கட்டிய முட்டைகள் இடப்பட்டமை கண்டறியப்பட்டுள்ளது. ஆதலின், 'இரண்டு ஆண்டாகத் தனியே இருக்கின்றது. ஆகவே இதன் முட்டை பொரியாது' எனத் துணிந்து கூறுதல் ஆகாது.

ஆமை முட்டையின் ஓடு கல்சியம் காபனேற்றினால் ஆனது. கோழிமுட்டையின் ஓடும் அதனாலேயே ஆயது. ஆயினும் பளிங்கமைப்பில் இரண்டும் வேறுபடும். கோழிமுட்டையில் உள்ளது கல்சைற்று. ஆமை முட்டையில் உள்ளது அரகோனைற்று. இக்கல்சியம் முழுவதும் தாயின் உணவிலிருந்தும் உடலிலிருந்தும் வருதல் வேண்டும். உணவிற் கல்சியம் குறையின் தாயின் என்பு கரையும், தசைகள் வலுவிழக்கும். முட்டையை வெளித்தள்ளுதற்கு முட்டைக்குழாயின் தசை சுருங்கவேண்டும். அச்சுருக்கத்துக்கும் கல்சியம் இன்றியமையாதது. கல்சியத்தைக் குடலிலிருந்து உடல் ஏற்றற்கு உயிர்ச்சத்து டி வேண்டும். ஆமையின் தோலில் அது உண்டாதற்கு ஞாயிற்றின் ஊதாகடந்த கதிர்கள் வேண்டும். கண்ணாடிச் சாளரத்தின் பின்னே வைத்து வளர்க்கப்படும் ஆமை ஒளியைக் காணும். ஆனால் அக்கதிர்களிற் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும். வெயிலில் உலாவ விடுதல் ஆமைக்கு உணவிடுதலை ஒத்த கடமை என்பது இதனாற் பெறப்படும்.

முட்டையிடும் நாள்

முட்டையிடுங் காலம் நெருங்கும்போது பெண்ணாமையின் நடத்தை மாறுகின்றது. உணவிற் பற்றுக் குறையும். அமைதியாக இருந்த ஆமை ஓயாது நடக்கும். வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி வரும். ஏறித் தப்ப முயலும். ஆங்காங்கே நின்று மண்ணை மோந்து பார்க்கும். பின்னங்கால்களாற் சிறிது தோண்டிக் கைவிட்டு வேறிடம் செல்லும். இவை யாவும் இடந்தேடும் குறிகள்.

இவ்விடத்தில் வைற்றின் குறிப்பொன்றை மீண்டும் நினைவுகூர்தல் தகும். யூன் மாதத் தொடக்கத்தில் தம் ஆமை வழக்கத்துக்கு மாறாக விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து, கால்நுனியில் நிமிர்ந்து நடந்து, தோட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து, வேலியின் ஒவ்வோர் இடைவெளியையும் வாயிலையும் ஆராய்ந்து, வழி கிடைப்பின் தப்பியோடும் என அவர் எழுதியுள்ளார். ஆணெனக் கருதியமையால் அதற்குக் காதல் வேட்கையே காரணம் என அவர் ஊகித்தார். நடத்தையைக் கண்டதில் அவர் பிழைத்திலர். கண்டதற்குப் பொருள் கூறுமிடத்தே பிழைத்திருத்தல் கூடும். மத்தியதரை ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் யூன் மாதமும் அடங்கும். வேலியோரம் அலைந்து தப்ப முயலுதல் சூல் முதிர்ந்த பெண்ணாமையின் இயல்பு. அந்நாளில் திமோதியின் வயிற்றில் முட்டை இருந்ததென உறுதிகூற இன்று எவராலும் இயலாது. ஆயினும், துணையைத் தேடிற்று என அவர் எண்ணிய அவ்வாமை, முட்டையை இடுதற்கு ஒரு பிடி வெப்ப மண்ணையே தேடியிருத்தல் கூடும் என்னும் எண்ணம், அவர் நூலை இன்று படிப்போர் நெஞ்சை விட்டகலாது.

இடம் வாய்த்தபின் நிகழ்வது காணத்தக்க காட்சி. ஆமை முன்னங்கால்களை ஊன்றி நின்று, பின்னங்கால்களை மாறி மாறிப் பயன்படுத்தி மண்ணை அள்ளி வெளியே வைக்கும். நிலம் இறுகியிருப்பின் தன் சிறுநீர்ப்பையிற் சேமித்த நீரைப் பெய்து மண்ணை இளக்கும். மேலே ஒடுங்கி உள்ளே அகன்று, குடுவை போன்ற குழி உருவாகும். கிரேக்க ஆமையின் குழி ஏறக்குறைய நான்கு அங்குல ஆழமுடையது. முட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும். ஒவ்வொன்றையும் பின்னங்காலால் ஏந்தித் தக்கவாறு ஒதுக்கிவைக்கும். அவ்வகை ஆமை ஒருமுறைக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு முட்டைகள் வரை இடும். பின்னர் மண்ணை இழுத்து மூடி, வயிற்றோட்டினால் அழுத்திச் சமன்செய்து, குழி இருந்த சுவடே தெரியாதவாறு ஆக்கிவிட்டு அகலும். தொடக்கம் முதல் இறுதிவரை அது குழியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணாற் காணாமற் காலினாலேயே இத்துணையும் செய்து முடிக்கின்றது. இச்செயலுக்குச் சில மணிநேரமும் செல்லக்கூடும். அப்போது அருகிற் சென்று தொடுதலும், தூக்குதலும், நாயைக் கிட்ட விடுதலும் ஆமையை அச்சுறுத்தி, வேலையை இடையிற் கைவிடச் செய்யும்.

இடமின்றித் தவிக்கும் ஆமை

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான பொருளுக்கு வருவோம். தோண்டுதற்கு மண்ணில்லாத இடத்தில் வளரும் ஆமை என் செய்யும்? சில ஆமைகள் வேறு வழியின்றி வெறுந்தரையில் முட்டைகளைச் சிதறவிடும். தண்ணீர்த் தொட்டியில் இடுதலும் உண்டு. இவை நற்பேறு பெற்றவை. ஏனையவை முட்டைகளை வயிற்றிலேயே அடக்கிவைத்துக்கொள்ளும். சில கிழமைகள், சிலவேளை சில மாதங்கள் வரை அடக்கிவைத்தல் ஆமைக்கு இயலும். முட்டைக்குழாயினுள் ஒட்சிசன் மிகக் குறைவாதலின், கருக்கட்டிய முட்டையிலுள்ள முளையமும் ஓரளவு வளர்ந்தபின் ஆங்கே நின்றுவிடும். முட்டை வெளிவந்து காற்றைப் பெற்ற பின்னரே மீண்டும் வளரத் தொடங்கும். மழையும் வெயிலும் ஒத்துவரும்வரை தாய் காத்திருத்தற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது.

ஆனால் அடக்கத்துக்கு எல்லை உண்டு. நாட்செல்ல முட்டையோட்டின்மேற் சுண்ணம் மேலும் படிந்து அது தடித்துக் கரடாகும். முட்டை உள்ளே உடைதலும் உண்டு. உடைந்த ஓடு குழாயைக் கிழிக்கும். மஞ்சட்கரு உடற்குழியிற் கசிந்து அழற்சியை விளைக்கும். இந்நிலையை முட்டைத்தடை எனலாம். இதற்கு இடமின்மை ஒன்றே காரணமன்று. கல்சியக் குறைவு, உடற்கொழுப்பு, நீர்ப்பற்றாக்குறை, குளிர், அளவிற் பெருத்த அல்லது உருச்சிதைந்த முட்டை, சிறுநீர்ப்பையிலுள்ள கல், சிறுவயதிற் சத்துக்குறைவாற் கோணிய இடுப்பென்பு என்பனவும் காரணமாகும். எனினும், வளர்ப்பவரால் எளிதில் தவிர்க்கத்தக்க காரணங்களுள் இடமின்மை முதலிடம் பெறும்.

பிறிதொரு நோயும் உண்டு. மஞ்சட்கருத் திரள்கள் முதிர்ந்தும் கழன்று இறங்காமலும், உடலால் மீள உறிஞ்சப்படாமலும் சூலகத்திலேயே தேங்கிவிடும். நெடுங்காலம் துணையின்றித் தனித்து வளர்ந்த பெண்ணாமைகளில் இத்தேக்கம் காணப்படுதலை விலங்கு மருத்துவர் குறிப்பிடுவர். அறிகுறிகள் மெல்லத் தோன்றும். ஆமை உண்ணாது, அசையாது, மாரித்துயிலினின்றும் எழுந்தபின் தேறாது. வளர்ப்பவர் சோம்பல் என எண்ணுவர். அறிந்துகொள்ளும்போது காலம் கடந்துவிடுதலும் உண்டு.

1984 ஆம் ஆண்டிலே தடை ஏற்படும்வரை வட ஆபிரிக்காவிலிருந்தும் தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் மத்தியதரை ஆமைகள் பேரளவிற் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கடைகளில் விற்கப்பட்டன. வாங்கியவர் பெரும்பாலும் ஒன்றையே வாங்கினர். ஆணா பெண்ணா எனக் கேட்டிலர். அவற்றுட் பல முதலாண்டுக் குளிரிலேயே மடிந்தன. எஞ்சிய பெண்ணாமைகளுட் சில ஆண்டுதோறும் முட்டை சுமந்து, இடுதற்கு இடம் காணாது அலைந்திருக்கும். ஓசையெழுப்பி நோவை அறிவிக்கும் இயல்பு ஆமைக்கு இல்லை. நாய் குரைக்கும், பசு கதறும், ஆமை ஓட்டினுள் அடங்கிக் கிடக்கும். ஆதலின் அதனை வளர்ப்பவர் செவியினும் கண்ணையே மிகுதியும் பயன்படுத்தல் வேண்டும்.

மருத்துவம் செய்யும் முறை

சூல்கொண்ட ஆமை பலநாள் தோண்டித் தோண்டிக் கைவிடுதல், முக்குதல், பின்னங்கால்கள் வலுவிழத்தல், முற்றாக உணவை வெறுத்தல், கழிவாயிற் குருதியோ தீநாற்றமுள்ள நீரோ வருதல் ஆகியன காணப்படின் விலங்கு மருத்துவரைத் தாமதியாது நாடவேண்டும். ஊடுகதிர்ப் படத்தில் ஓடுடைய முட்டைகள் வெண்ணிற வட்டங்களாகத் தெளிவாகத் தோன்றும். அவற்றின் எண்ணையும் அளவையும் அதனால் அறியலாம். ஓடு உண்டாகாத மஞ்சட்கருத் திரள்களைக் காண மீயொலிப் படம் துணைசெய்யும்.

தடையாதுமில்லை எனக் கண்ட மருத்துவர் ஆமையை வெப்பமான இடத்தில் வைத்து, இளஞ்சூட்டு நீரில் இருத்தி, கல்சியம் செலுத்தி, அதன்பின் ஒட்சிற்றோசின் என்னும் ஓமோனை ஊசிமூலம் ஏற்றுவர். மகப்பேற்றில் தாய்மாருக்குப் பயன்படும் அதே மருந்துக்கு ஆமைகளும் நன்கு இணங்குகின்றன. ஆனால் வழி அடைபட்டிருக்கையில் இதனை ஏற்றின் குழாய் கிழியும். முட்டை சிறுநீர்ப்பையினுட் புகுதலும் உண்டு. ஆகையால் இஃது இல்லத்திற் செய்து பார்க்கும் வைத்தியம் அன்று. முட்டையை விரலாற் பிதுக்கியெடுக்க முயலுதல் அதனினும் கேடானது. மருந்து பயன்படாதவிடத்து அறுவை மருத்துவமே வழி. தொடையின் முன்னுள்ள மென்மையான தோற்பகுதி வழியாகவோ, வயிற்றோட்டிற் சாளரம் போல ஒரு துண்டை அறுத்துத் திறந்தோ முட்டைகளை அகற்றுவர். அறுத்த ஓடு மீண்டும் இணைந்து ஆறுதற்குப் பல மாதங்கள் செல்லும். சிறிது மண்ணால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பத்துக்கு இது எத்துணைப் பெரிய விலை!

வளர்ப்போர் செய்யற்பாலன

செய்யவேண்டியவை எளியன. வெயில் நன்கு படும் ஒரு மூலையில் மணலும் தோட்டமண்ணும் கலந்து, ஓரடி ஆழமாக, சிறிது சரிவாக ஒரு மேடு அமைத்தல் வேண்டும். ஆமை எளிதில் நின்று திரும்பத்தக்க பரப்பு அதற்கு இருத்தல் வேண்டும். மண் கைப்பிடியில் உருண்டு நிற்கும் அளவுக்கு ஈரமாயிருப்பின் குழி சரியாது நிற்கும். முற்றும் உலர்ந்த மணலிற் குழி தூர்ந்துபோகும். ஆண் ஆமை உடனிருப்பின், ஓயாது துரத்தி இடர்செய்யாதவாறு அக்காலத்தில் அதனைப் பிரித்துவைத்தல் நன்று. குடித்தற்கும் உடல் நனைத்தற்கும் நீர் எந்நாளும் வேண்டும். நிலத்தை இளக்கும் நீரும் அதிலிருந்தே வருவது.

உணவிற் புல்லும் பல்வகை இலைகளும் மிகுதியாக இருத்தல் வேண்டும். கடற்கரையில் எளிதிற் கிடைக்கும் கணவாய் ஓடு சிறந்த கல்சிய உணவாகும். அதனை இட்டுவைப்பின் ஆமை வேண்டியபோது கடித்து உண்ணும். ஒட்சாலிக்கமிலம் மிகுந்த கீரைகள் கல்சியத்தைப் பிணித்து உடலுக்குப் பயன்படாமற் செய்யுமாதலின் அவற்றை நாள்தோறும் கொடுத்தல் தகாது. முட்டையிட்ட நாளையும் முட்டைகளின் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரின், அடுத்த ஆண்டிற் காலந்தாழ்ந்தால் உடனே ஐயுற்று ஆராயலாம். வைற்றின் நாட்குறிப்பு நமக்குக் கற்பிக்கும் பாடமும் இதுவே.

முதிய ஆமை இனி முட்டையிடாது எனக் கவலையொழிதலும் கூடாது. அமெரிக்காவில் பிலடெல்பியா விலங்குக் காட்சிச்சாலையில் 1932 ஆம் ஆண்டு முதல் வாழ்ந்துவரும், ஏறக்குறைய நூறு வயதினதாக மதிக்கப்படும் கலாபாகசுப் பெண்ணாமை ஒன்று இட்ட முட்டைகளிலிருந்து 2025 ஆம் ஆண்டில் நான்கு குஞ்சுகள் வெளிவந்தன. அதுவே அவ்வாமையின் முதன்மகப்பேறு.

முட்டையைப் பேணுதல்

கோழிமுட்டையை அடைகாக்கும் பேடு அதனை அடிக்கடி உருட்டித் திருப்பும். திருப்பாவிடின் முளையம் சவ்வோடு ஒட்டிக் கெடும். ஆமை முட்டையில் முறை நேர்மாறானது. இடப்பட்ட சில மணிநேரத்துள் முளையம் முட்டையின் மேற்பக்கத்தில் நிலைகொண்டு சவ்வோடு பொருந்திவிடும். அதன்பின் முட்டையைத் திருப்பின் முளையம் இறந்துபடும். ஆகவே, முட்டையை எடுக்க நேர்ந்தால் மேற்பக்கத்திற் பென்சிலால் மெல்ல அடையாளமிட்டு, கிடந்த நிலை மாறாது எடுத்து, அந்நிலையிலேயே வைத்தல் வேண்டும். கருக்கட்டிய முட்டையின் மேற்பக்கத்திற் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி தோன்றிப் பரவும். அது முளையம் வளர்தற்கு நல்ல அடையாளம்.

இங்கிலாந்துக் கோடையின் வெப்பம் மத்தியதரை ஆமையின் முட்டைக்குப் போதாது. ஆங்குள்ளோர் சூட்டுப்பெட்டியில் வைத்தே பொரிக்கச் செய்வர். 30 பாகை சதம அளவு வெப்பத்தில் ஏறக்குறைய 60 முதல் 80 நாளிற் குஞ்சு வெளிவரும். இவ்வெப்பமே குஞ்சின் பாலினத்தையும் துணிகின்றது என்பது வியப்புக்குரியது. ஊர்வனவில் முட்டையின் வெப்பநிலை பாலினத்தை மாற்றும் என்பதனை முதன்முதல் 1966 ஆம் ஆண்டில் மதலேன் சார்னியே அம்மையார் செனகல் நாட்டுப் பல்லிவகை ஒன்றிற் கண்டு வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளிற் பிரான்சிய அறிஞர் குளோட் பியோ அதனை ஆமைகளிலும் நிறுவினார். கிரேக்க ஆமையில் ஏறக்குறைய 31 பாகைக்குக் கீழே ஆண்குஞ்சுகளும் அதற்கு மேலே பெண்குஞ்சுகளும் மிகும். தாய் தேர்ந்த இடம் நிழலா வெயிலா, குழி ஆழமா மேலோட்டமா என்பதே மகவு ஆணா பெண்ணா என்பதனைத் துணிகின்றது. தாயாமை இடந்தேடி அலைதல் எத்துணைப் பொருள் பொதிந்த செயல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

நம் நாட்டு ஆமை

இலங்கைக்கு இயல்பாக உரிய தரையாமை நட்சத்திர ஆமை ஒன்றே. வரண்ட வலயத்துப் பற்றைக்காடுகளிலும் புல்வெளிகளிலும் அது வாழ்கின்றது. அதன் ஓட்டின் அழகே அதற்குப் பகையாயிற்று. அதனைப் பிடித்தலும் வீட்டில் வைத்திருத்தலும் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தடுக்கப்பட்டுள்ளன. 2019 ஆம் ஆண்டு முதல் அதன் பன்னாட்டு வணிகமும் மிகக் கடுமையான தடைக்கு உட்பட்டது. ஆகவே அதனைக் காட்டிலே வாழவிடுதல் நம் கடன். நிலத்தைத் திருத்துங்கால் அதன் முட்டைகள் வெளிப்படின், திருப்பாமலும் கழுவாமலும் கிடந்தவாறே மண்ணிட்டு மூடிவிடுதல் போதும். வேறு துணை அவற்றுக்கு வேண்டா.

தொடக்கத்திற் கூறிய உவமையை ஈற்றில் மீண்டும் எண்ணிப் பார்ப்போம். முட்டையைப் பொரிப்பது தாயின் நினைவு என்றனர் முன்னோர்; மண்ணின் வெப்பமும் ஈரமும் என்கின்றது இன்றைய அறிவியல். ஆனால் மதிலுக்குள் அடைபட்ட ஆமையைப் பொறுத்தவரை, அம்மண் அதற்குக் கிடைத்தலும் கிடையாமையும் ஒருவர் நினைவையே சார்ந்துள்ளன. அந்நினைவு ஆமையினுடையது அன்று, அதனை வளர்ப்பவருடையது. ஓர் உயிரைத் தன் வேலிக்குள் கொணர்ந்தவர், அதற்கு உணவை மட்டுமன்றி, அது தன் இயற்கைக் கடனை முடித்தற்குரிய ஓரடி நிலத்தையும் நினைந்து அளித்தல் வேண்டும். சீவகாருணியம் என்பது இத்தகைய சிறு செயல்களிலேயே வேரூன்றி நிற்பதாகும்.